முதலாண்டு மாணவருக்கு எந்த நிரலாக்கப் பாடம்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பொறியியல் பாடத்திட்ட விதிமுறையில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற நிரலாக்க மொழி இடம்பெற்றது. கணினி அறிவியல் பிரிவினருக்கு அடுத்த செமஸ்டரில் சி மொழி வந்தது. குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ தமிழ்வழியில் படித்துவிட்டு வேலூர்ப் பகுதிக் கல்லூரிகளில் சேரும் மாணவர் பலருக்கு இவை இரண்டுமே புதியவை. துணைக்கு ஓர் இணையவழிப் பாடத்தைத் தேடும்போது மூன்று பாடங்கள் முன்னே நிற்கின்றன: இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான சுவயத்தில் ரோபர் ஐ.ஐ.டி.யின் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்’, அதே தளத்தில் கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் அனுபம் பாசுவின் சி மொழிப் பாடம், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சி.எஸ்.50.

முதல் இரண்டும் 12 வாரப் பாடங்கள். கற்பது இலவசம்; சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். வாராந்தர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அசைன்மென்டில் வரும் கொள்குறி வினாக்களுக்கு விடையை யாரிடமாவது வாங்கிக் குறித்துவிடலாம் என்பது இம்முறையின் பெருங்குறை. அப்படிக் குறித்தவர் ஆய்வகத்தில் வெற்றுத் திரையின் முன் திகைத்து உட்கார்வதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இவ்விரண்டுக்கும் உண்மையான வேறுபாடு மொழியில்தான் இருக்கிறது. 7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 3.5 என்கிறது, இரண்டும் முழு எண்களாக இருந்தால் சி வெறும் 3 என்கிறது. மாறியின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரின்) வகையை முன்கூட்டியே அறிவிப்பது, நினைவக முகவரியைக் கையாள்வது என்று சி கேட்கும் கவனம் அதிகம். ஆனால் மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லு) பக்கம் போகவிருக்கும் மின்னணுவியல் மாணவருக்கு அந்தக் கவனமே மூலதனம். ரோபர் பாடமோ பாம்பும் ஏணியும் போன்ற விளையாட்டுகளை நிரலாக்கிக் காட்டி அச்சத்தைப் போக்குகிறது.

சி.எஸ்.50, கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரலாக்கும் ஸ்கிராட்ச்சில் தொடங்கி, சில வாரங்கள் சி மொழியில் உழைக்க வைத்து, பிறகே பைத்தானுக்கு வருகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு பயிற்சிக்கும் நிரல் எழுதியே தீர வேண்டும் என்பதால் மூன்றில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. உலாவியிலேயே நிரல் எழுதலாம் என்பதால் கல்லூரி ஆய்வகக் கணினியே போதும்; கைபேசி மட்டும் வைத்திருப்பவருக்கு இது கடினம். அதை நடத்தும் பேராசிரியர் டேவிட் மாலனின் ஆங்கிலம் வேகமானது, வீட்டுப்பாடமோ பல மணி நேரத்தை விழுங்குவது. ஆகவே முதல் செமஸ்டரில் ரோபர் பாடத்தை முடித்துவிட்டு, விடுமுறையில் சி.எஸ்.50இன் சி மொழி வாரங்களை வசன வரிகளோடு நிறுத்தி நிறுத்திப் பார்க்குமாறு தமிழ்வழி மாணவருக்குச் சொல்வேன்.