'600 வாட்' காற்றாடியும் ஏலமலைக் காற்றும்

ராமக்கல்மேடு, சதுரங்கப்பாறை, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று தமிழ்நாடு கேரள எல்லை மலைமுகட்டிலேயே ஓடுகிறது. அந்த முகட்டை ஒட்டிய ஏலக்காட்டு வீடுகளில் சோலார் பேனல் ஏறி வெகுகாலம் ஆயிற்று. ஜூனில் மஞ்சு (மூடுபனி) இறங்கியதும் பேனல் படுத்துவிடுகிறது. அதே நாளில் கூரைத் தகரத்தைப் பிய்ப்பதுபோல் காற்று ஓடுகிறது. 'இந்தக் காற்றைப் பிடித்தால் என்ன?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது 24 வோல்ட், '600 வாட்' முத்திரை குத்திய ஐந்து இறக்கைக் காற்றாடி. இறக்கை வட்டத்தின் விட்டம் 1.3 மீட்டர். கூடவே, காற்றாடி, சோலார் இரண்டின் கரண்ட்டையும் பேட்டரிக்கு ஏற்றும் ஒரு ஹைபிரிட் கன்ட்ரோலரும் வரும். ஒரே வார்ப்பில் பல பெயர்களில் விற்கும் இந்த வகையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

முத்திரையில் இருக்கும் 600-ஐ முதலில் மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது விட்டத்தை. 1.3 மீட்டர் விட்டம் என்றால் காற்று பிடிக்கும் பரப்பு 1.33 சதுர மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் மலையில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டரில், அந்தப் பரப்பின் வழியே போகும் மொத்த ஆற்றலே சுமார் 1,200 வாட். எவ்வளவு நல்ல காற்றாடியானாலும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இது பெட்ஸ் வரம்பு, இயற்பியல் போட்ட வேலி. இறக்கை, ஜெனரேட்டர், டயோடு எல்லாவற்றின் இழப்பும் போக, இந்த அளவு சிறு காற்றாடி 25 முதல் 30 சதவீதம் தந்தால் நல்ல காற்றாடி. ஆக 12 மீட்டர் காற்றில் பேட்டரிக்கு வருவது ஏறக்குறைய 330 வாட். 10 மீட்டரில் 190, 8 மீட்டரில் 97, 6 மீட்டரில் 40, 5 மீட்டரில் 24 வாட். வேகம் பாதியானால் வரும் கரண்ட் எட்டில் ஒரு பங்காகிவிடும். இதே 1.3 மீட்டர் விட்டத்துக்கு '1000 வாட்' என்று எழுதியும் விற்கிறார்கள். 12 மீட்டர் காற்றில் பெட்ஸ் வரம்பே 720 வாட்டுக்கு மேல் விடாது. அப்படி எழுதிய பெட்டியை வாங்காதீர்கள், அவர்கள் சொல்லும் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? ஏலக்காட்டு வீட்டின் அன்றாடச் செலவைப் பாருங்கள். ஆறு எல்இடி பல்பு, டிவி, போன் சார்ஜர், ஒரு சின்ன ஃபிரிட்ஜ் என்றால் நாளுக்கு ஒன்றரை யூனிட். 540 வாட் பேனல் இரண்டு போட்டால் மாசி, பங்குனியில் நாளுக்கு நான்கு யூனிட் அளவுக்கு வந்து மிஞ்சும். ஜூலை மஞ்சில் அதே இரண்டு பேனல் ஒரு யூனிட்டைத் தொட்டாலே பெரிது. 24 வோல்ட்டுக்கு இரண்டு 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் (ஈய-அமில) பேட்டரி 3.6 யூனிட் பிடிக்கும், அதில் பாதியைத்தான் எடுக்கலாம். மூன்று நாள் தொடர்ந்து வெயில் இல்லையென்றால் பேட்டரி அரைப்பசியிலேயே கிடக்கும். ட்யூபுலர் பேட்டரியைக் கொல்வது இந்த அரைப்பசிதான். தகட்டில் சல்ஃபேட் படிந்து, அடுத்த கோடையில் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. முகட்டில் ஆடிக் காற்று ராப்பகலாக 8 மீட்டரில் ஓடினால் இந்தச் சின்னக் காற்றாடி நாளுக்கு 2.3 யூனிட் தரும். 6 மீட்டரில் ஒரு யூனிட். இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக ஏறும் அந்த ஒரு யூனிட்தான் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. யூனிட் கணக்கில் பார்த்தால் காற்றாடி தோற்கும். பேட்டரியின் ஆயுளையும் வைத்துப் பார்த்தால், சரியான இடத்தில் நின்றால் மட்டும், ஜெயிக்கும்.

சரியான இடம் எது என்பதில்தான் பெரும்பாலோர் பணத்தை விடுகிறார்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதனால் ஏலக்காட்டுக்குள் மரங்கள் அறுபது எழுபது அடி நிற்கும். அதற்குள் நாற்பது அடிக் கம்பம் நட்டால் காற்றாடி சுற்றும், திசை மாறி மாறித் திரும்பும், கரண்ட் வராது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கிற மரம், கட்டிடம் எதைவிடவும் இறக்கையின் கீழ்நுனி 9 மீட்டராவது உயரே இருக்க வேண்டும் என்பது சிறு காற்றாடிக்காரர்கள் உலகெங்கும் கடைப்பிடிக்கும் அளவு. ஆகவே புல்மேடு, தேயிலைச் சரிவின் உச்சி, மரமில்லாத பாறைமுனை ஆகியவைதான் இடம். அங்கே தனித்து நிற்கும் மரங்களைப் பாருங்கள். கிளையெல்லாம் ஒரே பக்கமாக, தமிழ்நாட்டுக் கம்பம் ஊர்ப் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் காற்று பல ஆண்டாக வேலை செய்திருக்கிறது. இலையும் சுள்ளியும் மட்டும் ஆடினால் அது 4, 5 மீட்டர் காற்று, காற்றாடிக்குப் போதாது. சிறு கிளைகள் அசைந்து தூசி எழும்பினால்தான் 6 மீட்டரைத் தாண்டுகிறது. நெடுங்கண்டம் டவுனைப் போல் பள்ளத்தில் இருக்கும் வீடு என்றால் இந்தப் பணத்துக்குக் கூடுதல் பேனல் வாங்குங்கள். பாலக்காட்டுக் கணவாயில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் காற்று உண்டு, ஆனால் வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. தென்னைக்கு மேலே போகாத காற்றாடி அங்கேயும் வீண். கூரையில் கம்பம் பொருத்துவது எங்கேயும் வேண்டாம். கூரையைத் தாண்டும் காற்று சுழன்று அடிக்கும், அதிர்வு சுவரில் இறங்கி இரவெல்லாம் முனகும்.

கம்பத்துக்கு 2 அங்குல பி கிளாஸ் ஜிஐ பைப் இரண்டு போதும். ஒன்று 6 மீட்டர், இரண்டும் சேர்ந்தால் 12. நடுவில் வெறும் சாக்கெட் மரையை நம்பாதீர்கள். உள்ளே ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒட்டிய அளவுப் பைப்பைச் செருகி போல்ட் போடுங்கள். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி இரண்டு அடுக்கு: ஒன்று இணைப்புக்குச் சற்றுக் கீழே, மற்றது உச்சியிலிருந்து ஒரு மீட்டர் இறங்கி, அப்போதுதான் இறக்கை நுனி கம்பியில் தட்டாது. அடுக்குக்கு நான்கு திசை, 6 மி.மீ. கால்வனைஸ் கம்பிக் கயிறு, கம்பத்தடியிலிருந்து 6 முதல் 7 மீட்டர் தள்ளி ஆங்கர். கயிறு மடக்கும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று கிளாம்ப். கிளாம்பின் யு-போல்ட் வெட்டிய முனைப் பக்கமும் அதன் அடிக்கட்டையான சேடில் சுமை தாங்கும் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யு-போல்ட் சுமைக் கயிற்றை நசுக்கி இழைகளை அறுக்கும். கயிற்றை முறுக்கேற்றும் டர்ன்பக்கிள் திருகை இறுக்கியபின் அதன் கண்ணில் கட்டுக்கம்பி கோர்த்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் அதிர்விலேயே அது கழன்றுகொள்ளும். மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்றில் இறக்கை வட்டத்தின் மேல் மட்டுமே 60 கிலோ அளவுக்குத் தள்ளு விழும். உச்சியில் விழுகிற அந்தச் சுமை ஆங்கரில் பெருகித்தான் வந்து சேரும். பாறை என்றால் 16 மி.மீ. கம்பியை ஒன்றரை அடி துளைத்து கிரவுட் ஊற்றுங்கள். மண் என்றால் குழிக்குள் கான்கிரீட் கட்டி.

கம்பம் அடியில் கீலோடு சாய்ந்து எழும்படி இருக்கட்டும். தூக்க 6 மீட்டர் துணைப்பைப்பும் கை வின்சும் வேண்டும். ஏறிப் போய் வேலை செய்ய வைக்கும் கம்பத்தை யாரும் இரண்டாவது வருடம் பராமரிப்பதில்லை.

கேபிளில் சிக்கனம் பிடிப்பவர்கள் அதிகம். காற்றாடியிலிருந்து மூன்று கம்பி இறங்கும். கம்பமும் வீடுவரை தூரமும் சேர்ந்து 40 மீட்டர் என்று வையுங்கள். 330 வாட் வரும்போது 4 சதுர மி.மீ. காப்பர் கேபிளில் 50 வாட்டுக்கு மேல் சூடாகவே போய்விடும், 10 சதுர மி.மீ. என்றால் 20 வாட் அளவு. மேடு வீட்டிலிருந்து நூறு மீட்டர் என்றால் 24 வோல்ட் காற்றாடியை வாங்கவே வேண்டாம், 48 வோல்ட் வகையை எடுத்து நான்கு பேட்டரி போடுங்கள். அதே கேபிளில் இழப்பு கால்வாசியாகும். ஒல்லிக் கேபிளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மூன்று கம்பியையும் ஷார்ட் செய்துதான் காற்றாடியை நிறுத்துகிறோம், நீளமான ஒல்லிக் கேபிள் அந்த பிரேக்கையும் தளர்த்திவிடும்.

இந்தப் பொருளின் பலவீனமே அந்த பிரேக்தான். பெரிய காற்று வந்தால் வால் மடங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அமைப்பு இந்த வகையில் கிடையாது. கன்ட்ரோலர் ஷார்ட் செய்யும், அவ்வளவுதான். அது எரிந்துபோனால் காற்றாடி சுமையில்லாமல் வெறி பிடித்துச் சுற்றும், இறக்கை பறக்கும். மூன்று கம்பியையும் ஷார்ட் செய்யத் தனியாக ஒரு மூன்று துருவ சுவிட்சைக் கம்பத்தடியில் போட்டே ஆக வேண்டும். காற்று தணிந்த இடைவெளியில் அதைத் திருப்புங்கள். முழு வேகத்தில் சுற்றும்போது ஷார்ட் செய்தால் ஜெனரேட்டர் சுருள் கருகிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே நிறுத்திவிடுவது உத்தமம். பேட்டரியைக் கழற்ற வேண்டுமானால் வரிசை மாறக் கூடாது: முதலில் பிரேக், காற்றாடி நின்ற பிறகு பேட்டரி எம்சிபி. இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி.

கூட வரும் ஹைபிரிட் கன்ட்ரோலரில் சோலாரைச் சேர்க்காதீர்கள். எம்பிபிடி (பேனலின் முழு வாட்டையும் பேட்டரி வோல்டேஜுக்கு மாற்றித் தரும் வகை) என்று மேலே அச்சடித்திருந்தாலும் மலிவானவை பெரும்பாலும் பேனலை பேட்டரியோடு நேராக இணைக்கும் பிடபிள்யூஎம்தான். 540 வாட் பேனல் 41 வோல்ட்டில் வேலை செய்யும், ஓப்பன் வோல்டேஜ் 49 வரை போகும். பிடபிள்யூஎம் அதை பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்து, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தின்றுவிடும். சோலாருக்குத் தனி எம்பிபிடி, காற்றாடிக்கு மட்டும் இந்தக் கன்ட்ரோலர். ட்யூபுலருக்கு சோலார் கன்ட்ரோலரை 28.8 வோல்ட்டிலும் காற்றாடியின் டம்ப் லோடை (பேட்டரி நிறைந்தபின் மிஞ்சும் கரண்ட்டைத் தின்னும் ரெசிஸ்டர்) 29.2-இலும் வையுங்கள். டம்ப் கீழே இருந்தால் பேனல் தரும் கரண்ட்டையும் சேர்த்து எரித்துக்கொண்டிருக்கும்.

டம்ப் லோடாக வாட்டர் ஹீட்டர் காயிலை மாட்டுவது எங்கும் காணும் தவறு. 230 வோல்ட், 1500 வாட் காயிலின் தடை 35 ஓம். 28.8 வோல்ட்டில் அது தின்பது வெறும் 24 வாட். 5.6 ஓம், 300 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் நான்கைப் பேரலலாகப் போட்டால் 1.4 ஓம், கிட்டத்தட்ட 590 வாட். பாதிச் சுமையில் நிற்பதால் ரெசிஸ்டரும் நீடிக்கும். சிமென்ட் பலகையில் பொருத்தி, பேட்டரியிலிருந்து எட்ட வையுங்கள், சார்ஜாகும் ட்யூபுலர் ஹைட்ரஜன் விடும்.

லித்தியம் பேட்டரி போட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நிறைந்ததும் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் பேட்டரியைத் துண்டித்துவிடும். பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காற்றாடிக்கோ அந்த நொடியில் சுமை போய்விடும், வோல்டேஜ் எகிறி கன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து எரியும். எட்டு செல் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்கு வழக்கமான துண்டிப்பு 29.2 வோல்ட். டம்பை 28.6-இலும் சோலாரை 28.2-இலும் வைத்தால் அந்த எல்லைக்கே போகாது.

சித்திரை, ஐப்பசி மாலைகளில் இடி இந்த மலையை விடாது. உயர்ந்து நிற்கும் இரும்புக் கம்பம் அதற்கு அழைப்பு. கம்பத்தடியிலும் நான்கு ஆங்கரிலும் எர்த் கம்பி அடித்து எல்லாவற்றையும் ஒன்றாக இணையுங்கள். பாறை நிலத்தில் எர்த் எளிதில் கிடைக்காது, கரியும் உப்பும் போட்ட குழியோ கெமிக்கல் எர்த்தோ வேண்டும். மூன்று கம்பியும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர். இது நேரடி இடியைத் தாங்காது, பக்கத்தில் விழும் இடியின் தெறிப்பைத் தாங்கும்.

வைகாசி நடுவில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை கம்பத்தைச் சாய்த்துப் பாருங்கள். சாரலும் மஞ்சும் பேரிங் கிரீஸைக் கழுவும், கையால் சுற்றினால் கரகரக்கும். இறக்கையின் முன்விளிம்பை மழைத்துளி அரித்திருந்தால் பாலியூரிதேன் டேப் ஒட்டலாம், ஐந்துக்கும் ஒரே நீளம். ஸ்டே கம்பி துரு, நைலாக் நட், மூன்று கம்பி முறுக்கிக்கொண்டதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

முகட்டு வீடாக இருந்து, தனி கன்ட்ரோலரும் சரியான டம்பும் போட முடிந்தால் வாங்கலாம். முடிந்தால் 1.3 மீட்டரை விட்டு, வால் மடங்கும் 2 மீட்டர் வகைக்குப் போங்கள். பரப்பு இரண்டரை மடங்குக்கு அருகில் போகும், கம்பமும் ஆங்கரும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் சிறு காற்றாடிகளைச் சோதிக்கிறது. வாங்கும் மாடலுக்குச் சோதித்த பவர் கர்வ் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். வேகத்துக்கு வேகம் வாட் எழுதிய காகிதம் தராதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

பெட்டி வந்ததும் ஐந்து இறக்கையையும் தராசில் வையுங்கள். அவை எடை பொருத்திய செட், ஒன்று முறிந்தால் ஐந்தையும்தான் மாற்ற வேண்டும். ஒன்றுக்கொன்று சில கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கம்பத்தில் ஏற்றாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.