ஏற்காட்டில் ஷூட்டிங்குக்கு எடுத்த எஸ்டேட் பங்களா: ஐந்துக்கு மூன்று

கேமராவுக்கு ஐந்து, யூனிட்டுக்கு இரண்டு என்று தனித்தனியாகப் போடத்தான் ஆசை, ஒரே மார்க்தான் போட முடியும் என்பதால் மூன்று. ஏரிக்குக் கொஞ்சம் மேலே, காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு. எங்களுடையது சின்ன பட்ஜெட் படம், நான் புரொடக்‌ஷன் மேனேஜர். தயாரிப்பாளர் செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருப்பவர், முதல் படம், எந்த பில்லை நீட்டினாலும் "இது எதுக்குங்க?" என்பார்.

வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீளத் திண்ணை, பெரிய ஜன்னல்கள், வெளியே சில்வர் ஓக் மரங்கள், கேமராமேன் எங்கே வைத்தாலும் ஃபிரேம் கிடைத்தது. பிரச்சினை கரண்ட்தான். வீட்டு லைனில் எல்.இ.டி. விளக்குகள் மட்டும்தான் எரியும், பெரிய லைட் போட்டால் மெயின் விழுந்துவிடும். சரி, ஜெனரேட்டர் வரட்டும் என்றால், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்த வண்டி எஸ்டேட் மண் பாதையில் திரும்ப முடியாமல் கேட்டிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து கேபிள் இழுக்கவே காலை போய்விட்டது. லைட்மேன்களின் பேட்டா மட்டும் கேபிளுக்காகக் காத்திருக்காது, அதைத் தயாரிப்பாளருக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது.

கேரவனும் உள்ளே வராது. கதாநாயகிக்கு உடை மாற்றத் தந்த அறைதான் மேக்கப் அறை, காஸ்ட்யூம் வைக்கும் இடமும் அதுவே. மொத்த யூனிட்டுக்கும் இரண்டே கழிப்பறைகள், பெண்கள் எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதை இந்த வீட்டின் விளம்பர போட்டோக்களில் தேட வேண்டாம்.

பனிமூட்டத்துக்கு வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வைடு ஷாட்டில் மலை பளிச்சென்று தெரியும், அதே வசனத்துக்கு க்ளோஸப் வைப்பதற்குள் பின்னால் வெறும் வெள்ளை. ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கண்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநர் அழாத குறை. வெளிக் காட்சிகளில் வைடு ஷாட்டையெல்லாம் முதலில் முடித்துக்கொண்டு, க்ளோஸப்பைச் சுவர் ஓரமாக வைத்தோம், அப்புறம்தான் வேலை நகர்ந்தது.

வரும் வழியில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறதே, அதைக் கடக்கும்போது பொறாமையாக இருந்தது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய சினிமா கம்பெனி, படப்பிடிப்புத் தளம், ஃபிலிம் கழுவும் லேப் எல்லாம் ஒரே வளாகத்தில், கலைஞர்களுக்கு மாதச் சம்பளம், நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். நாங்களோ விளக்கிலிருந்து நாற்காலி வரை வாடகைக்கு எடுத்து மலை ஏற்றுகிறோம்.

பணம். தங்குவதற்கு ஒரு வாடகை, சினிமா என்றால் வேறு வாடகை, அது எங்கும் உள்ளதுதான். ஆனால் கரண்ட் பில் தனி என்பதைக் கடைசி நாளில்தான் சொன்னார்கள், மேஜையில் கீறல் என்று அட்வான்ஸிலும் பிடித்தார்கள், அந்தக் கீறல் நாங்கள் லொகேஷன் பார்க்க வந்தபோதே எடுத்த போட்டோவில் இருந்தது, காட்டிய பிறகுதான் பாதியாவது திரும்பியது. காவல்காரர் தங்கமானவர். குரங்குகள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்காமல் பார்த்துக்கொண்டதும், ராத்திரி டீ போட்டதும் அவரே.

ஏழெட்டுப் பேர் சின்ன கேமராவோடு குறும்படம் எடுப்பதென்றால் தயங்காமல் போங்கள். பெரிய யூனிட் என்றால், கேட்டிலிருந்து வீடு வரை கேபிள் நீளத்தை அளந்துவிட்டு, கரண்ட் யார் கணக்கு என்று எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் யூனிட்டுக்கு அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது.