சுவிஸ் தத்துவ அறிஞர்களின் தடத்தில்: ஜெனீவா நடைச்சுற்று ஒன்றின் மதிப்புரை

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, ஜெனீவாவின் பழைய நகரில் தொடங்கி ரோன் ஆற்றின் மறுகரையில் முடியும் வழிகாட்டி நடைச்சுற்று ஒன்றில் கலந்துகொண்டேன். 'சுவிஸ் தத்துவ அறிஞர்களும் அவர்களது கொடையும்' என்பது அதன் தலைப்பு. ஆளுக்கு 45 ஃபிராங்க் கட்டணம். பதினான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே வழிகாட்டி. அவர் பேசுவதைக் கேட்க ஆளுக்கொரு காதொலிக் கருவியும், கையில் வைத்துக்கொள்ள எட்டுப் பக்கச் சிறு கையேடும் தந்தார்கள். மூன்று மணி நேரம் என்று அறிவித்திருந்த சுற்று நான்கு மணி நேரம் நீண்டதைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. குறை கையேட்டில் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை தலைப்பிலேயே இருக்கிறது.

கையேட்டின் முதல் பக்கம் ழான் ழாக் ரூசோவைச் 'சுவிட்சர்லாந்தின் தலைசிறந்த குடிமகன்' என்று அறிமுகம் செய்கிறது. ரூசோ 1712 ஜூன் 28 அன்று ஜெனீவாவில் பிறந்து 1778இல் பிரான்சில் இறந்தவர். ஜெனீவா சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்ததோ 1815இல்தான். ரூசோவின் காலத்தில் அது தனிக் குடியரசு. தம் நூல்களின் முகப்பில் அவர் 'ஜெனீவாக் குடிமகன்' என்று போட்டுக்கொண்டாரேயன்றி வேறெதுவும் போடவில்லை. இதைச் சொற்பிழை என்று தள்ளிவிட முடியாது. எந்த அரசின் குடிமகன், எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற கேள்விதான் அவரது அரசியல் சிந்தனை முழுவதற்கும் அடிப்படை. நல்லவேளையாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் போலத் தோன்றிய எங்கள் வழிகாட்டி கையேட்டைத் திறக்கவே இல்லை. முதல் பத்து நிமிடத்திலேயே, "அச்சடித்தவர்கள் என்னைக் கேட்கவில்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, 1815ஆம் ஆண்டுக் கதையை அவரே சொல்லிவிட்டார்.

சுற்று தொடங்கும் இடம் கிராந்த் ரூ தெருவின் 40ஆம் எண் வீடு, அதாவது ரூசோ பிறந்த வீடு. அங்கே நின்றுகொண்டு வழிகாட்டி விளக்கியது இரண்டு ஜெனீவாக்களைப் பற்றி: மேட்டில் செல்வக் குடும்பங்கள் வாழ்ந்த மேல்நகரம், ஆற்றுக்கு அப்பால் கடிகாரத் தொழிலாளர்கள் வாழ்ந்த சாங் ழெர்வே. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்த ரூசோ, கடிகாரம் செய்பவரான தந்தையுடன் சிறுவயதிலேயே மேட்டிலிருந்து கீழே இறங்க நேர்ந்தது. சமத்துவமின்மையைப் பற்றி 1755இல் அவர் நூல் எழுதியபோது அதை ஜெனீவாக் குடியரசுக்கே காணிக்கையாக்கினார் என்பதை, இந்த இறக்கத்தில் கால் வைத்த பிறகு கேட்கும்போது அந்தக் காணிக்கை வெறும் மரியாதையாகப் படவில்லை.

இந்தச் சுற்றின் உச்சம் நகர மன்றக் கட்டடத்தின் வாசல். 1762 ஜூன் 19 அன்று ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்', குழந்தை வளர்ப்பையும் கல்வியையும் பற்றிய 'எமீல்' ஆகிய இரு நூல்களும் இந்த வாசலில்தான் கிழித்து எரிக்கப்பட்டன. பெரும்பாலான சுற்றுலா விளக்கங்கள் இங்கே 'மத நிந்தனை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இவர் அப்படிச் செய்யவில்லை. அரைமணி நேரம் அங்கேயே நிறுத்திவைத்தார். அன்றைய ஜெனீவாவில் குடிமக்கள் அனைவரும் கூடும் பொதுமன்றம் பெயரளவில் இருந்தது; ஆனால் ஆட்சி, ஒரு சில குடும்பங்களின் பிடியிலிருந்த இருபத்தைந்து பேர் கொண்ட சிறுமன்றத்திடம் இருந்தது. இறையாண்மை மக்களுடையது, அதை எவருக்கும் விட்டுக்கொடுக்கவோ பிரதிநிதியிடம் ஒப்படைக்கவோ முடியாது, அரசாங்கம் என்பது மக்களின் ஏவலாளி மட்டுமே என்று எழுதிய ஒரு நூல் பாரிஸில் கோட்பாடாக வாசிக்கப்பட்டிருக்கலாம்; இந்த வாசலுக்குப் பின்னால் அமர்ந்திருந்த இருபத்தைந்து பேருக்கோ அது தங்கள் பெயரைச் சொல்லி எழுதிய குற்றப்பத்திரிகையாகத்தான் பட்டிருக்கும். மறுவருடமே ரூசோ தமது குடியுரிமையைத் துறந்துவிட்டார். இவ்வளவையும் ஒரு கல் வாசலைக் கைகாட்டிச் சொல்லும்போது, பல ஆண்டுகளுக்கு முன் பாடநூலில் மனப்பாடம் செய்த 'மக்கள் இறையாண்மை' என்ற சொல்லுக்குத் திடீரென்று எடை கூடுகிறது.

ஆனால் அதே அரைமணி நேரத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. 'பொதுவிருப்பம்' என்ற கருத்தை அவர் பெரும்பான்மை வாக்கு என்பது போலச் சொல்லிக் கடந்துவிட்டார். ரூசோ இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. தனிப்பட்ட நலன்களைக் கூட்டினால் வருவது அனைவரின் விருப்பம். பொது நலனை மட்டும் நோக்குவது பொதுவிருப்பம். இந்தப் பிரிவினையில்தான் அவரது ஆழமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. பொதுவிருப்பத்துக்குப் பணிய மறுப்பவனை விடுதலையாக இருக்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்று அவர் எழுதியதை எதிராளிகள் இன்றுவரை விட்டபாடில்லை. குழுவில் ஒருவர் இதைக் கேட்டே விட்டார். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணி நேரம் நிற்கவைத்தவர் இன்னும் ஐந்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

அடுத்து பாஸ்தியோன் பூங்கா. மர நிழலில் இருந்த ஒரு பெஞ்சில் அவர் தம் பையிலிருந்து மூன்று கண்ணாடிக் குவளைகளை எடுத்து வைத்தார்: ஒரே அளவில் அகன்றவை இரண்டு, ஒடுங்கி உயர்ந்தது ஒன்று. அகன்ற இரண்டிலும் சம அளவு தண்ணீர் ஊற்றி, குழுவில் பெற்றோருடன் வந்திருந்த ஐந்து வயதுச் சிறுமியிடம் இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார். அவள் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, ஒன்றுதான் என்றாள். பிறகு ஒரு குவளையின் நீரை உயரமான குவளையில் ஊற்றிவிட்டு மறுபடியும் கேட்டார். சற்றும் தயங்காமல் உயரமானதைத் தொட்டு, இதில்தான் அதிகம் என்றாள். அவளுடைய அப்பாவின் முகத்தில் ஒரு சிறு கலவரம் ஓடியது. வழிகாட்டி அவரைத் தேற்றும் குரலில், ஏறக்குறைய ஏழு வயதுவரை பெரும்பாலான குழந்தைகளின் விடை இதுதான் என்றார்.

1896இல் நெஷாத்தலில் பிறந்த ழான் பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை இது. பியாஜேயைக் குழந்தை உளவியலாளர் என்று மட்டுமே அறிந்தவர்களுக்கு, தத்துவச் சுற்றில் அவருக்கு என்ன இடம் என்ற கேள்வி எழும். அதற்கான விடையை வழிகாட்டி மிகத் தெளிவாகச் சொன்னார் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். அறிவு எவ்வாறு சாத்தியமாகிறது என்று தத்துவவாதிகள் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுவந்த கேள்வியை, அறிவு எவ்வாறு படிப்படியாக உருவாகிறது என்று மாற்றி, அதற்கான விடையைக் குழந்தைகளிடம் தேடினார் பியாஜே. அளவு, எண், காலம், காரணம் ஆகிய கருத்துகள் பிறவியிலேயே மனத்தில் பதிந்தவையும் அல்ல, வெளியிலிருந்து அப்படியே நுழைபவையும் அல்ல. குழந்தை பொருள்களோடு செயல்படும்போது தானே கட்டிக்கொள்பவை என்பது அவரது முடிவு. இந்த ஆய்வுக்கென்றே 1955இல் ஜெனீவாவில் ஒரு பன்னாட்டு மையத்தையும் நிறுவினார். 1921இல் அவர் பணியில் சேர்ந்த நிறுவனத்தின் பெயர் ரூசோ நிறுவனம். ரூசோவின் இருநூறாவது பிறந்த ஆண்டான 1912இல் தொடங்கப்பட்டது. குழந்தை ஒரு சின்ன உருவப் பெரியவர் அல்ல என்று சொன்ன 'எமீல்' எரிந்த இடத்திலிருந்து நாங்கள் நின்ற இடம் சில நிமிட நடைதான். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பதே குழந்தையை விடை மாற்றத் தூண்டுகிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுப்பிய ஐயத்தையும் சேர்த்திருந்தால் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் தந்திருப்பேன்.

அதே பூங்காவிலுள்ள பல்கலைக்கழகக் கட்டடத்தின் முன் மொழியியலாளர் ஃபெர்தினான் தெ சொசூரின் கதை சொல்லப்பட்டது. இங்கே கையேடு மீண்டும் காலை வாருகிறது: '1916இல் அவர் எழுதிய நூல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சொசூர் 1913இலேயே இறந்துவிட்டார். 1907க்கும் 1911க்கும் இடையில் மூன்று முறை அவர் நடத்திய மொழியியல் பாடங்களை, மாணவர்களின் குறிப்பேடுகளைக் கொண்டு சார்ல் பாயியும் அல்பேர் சேஷஹேயும் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்கள் இருவரும் அந்த வகுப்புகளில் அமர்ந்தவர்கள் அல்லர். அவரது சொந்தக் கையெழுத்துப் பிரதிகள் சில 1996இல் குடும்ப மாளிகையில்தான் கண்டெடுக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டின் சிந்தனையைத் திருப்பிய நூலை அதன் 'ஆசிரியர்' எழுதவே இல்லை என்பது, ஒரு நூலின் பொருள் யாரிடம் இருக்கிறது என்று பின்னாளில் அவர் பெயரைச் சொல்லி வாதிட்டவர்களுக்கு எவ்வளவு பொருத்தமான தொடக்கம்!

சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்ற அவரது கருத்தை வழிகாட்டி எளிதாக விளக்கினார். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்ற தொல்காப்பிய நூற்பா எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் காரணம் கண்ணுக்குப் புலப்படாது என்பது வேறு, காரணமே கிடையாது என்பது வேறு. சொசூர் இன்னும் ஓரடி முன்னே போகிறார்: ஒரு சொல்லின் மதிப்பு அருகிலிருக்கும் சொற்களோடு அதற்குள்ள வேறுபாட்டில் இருக்கிறது. மேயும் செம்மறிக்கும் தட்டில் வரும் அதன் இறைச்சிக்கும் ஃபிரெஞ்சில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. ஆகவே இரு மொழிச் சொற்களும் ஒரே ஆட்டைச் சுட்டினாலும் ஒரே மதிப்பு உடையவை அல்ல.

அமியேலுக்கு மூன்று நிமிடம். ஏறத்தாழ 17,000 பக்கம் நாட்குறிப்பு எழுதிய அந்த 19ஆம் நூற்றாண்டு ஜெனீவாப் பேராசிரியருக்கு, செயலில் இறங்காமலே தன்னைத் தானே ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு, அது போதும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ழான் ஹெர்ஷுக்கும் அதே மூன்று நிமிடம்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோன் ஆற்றின் நடுவே ரூசோ தீவில், 1835இல் நிறுவப்பட்ட ரூசோவின் வெண்கலச் சிலையைப் படம் பிடிப்பதில் எல்லோரும் மும்முரமாக இருந்தபோது, ஏதோ பிற்சேர்க்கை போல ஹெர்ஷின் பெயர் சொல்லப்பட்டது. என் காதொலிக் கருவியும் அந்நேரம் பார்த்துக் கரகரத்தது. 1910இல் ஜெனீவாவில், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸின் மாணவி. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1977 வரை தத்துவப் பேராசிரியர். 1966 முதல் இரண்டு ஆண்டுகள் யுனெஸ்கோவின் தத்துவப் பிரிவை நடத்திய அவர், மனித உரிமைப் பிரகடனத்தின் இருபதாம் ஆண்டான 1968இல், பல பண்பாடுகளிலிருந்தும் பல காலங்களிலிருந்தும் திரட்டிய பகுதிகளைக் கொண்ட ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டார். 'மனித உரிமை' என்ற சொல் எல்லா மொழிகளிலும் இல்லாமல் இருக்கலாம். மனிதன் மனிதனாக இருப்பதனாலேயே அவனுக்குச் சேர வேண்டியது ஒன்று உண்டு என்ற கோரிக்கை எல்லா இடத்திலும் எழுந்திருக்கிறது என்பது அத்தொகுப்பின் உள்ளிழை. மனித உரிமைகள் மேற்குலகின் ஏற்றுமதிச் சரக்கா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வாதம் அன்றாடம் நடக்கும் நகரமும் இதுதான். இங்கே நின்று அதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

தலைப்புக்குத் திரும்புகிறேன். சுவிட்சர்லாந்து முழுவதையும் காட்டுவதாகச் சொல்லிவிட்டு ஜெனீவாவை மட்டும் காட்டுவது சரியல்ல. நெஷாத்தல் பகுதியில் பிறந்து, 1758இல் நாடுகளுக்கிடையிலான சட்டத்தைப் பற்றி எழுதிய வாத்தெல் இல்லை. லோசானில் பிறந்து, பண்டையவரின் சுதந்திரத்தையும் நவீனரின் சுதந்திரத்தையும் 1819இல் பிரித்துக் காட்டிய பெஞ்சமின் கோன்ஸ்தான் இல்லை. சூரிச்சில் பிறந்த கல்விச் சிந்தனையாளர் பெஸ்தலோத்சி இல்லை. நீட்சே இருபத்து நான்கு வயதில் பேராசிரியராக வந்ததும், யாஸ்பர்ஸ் இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு 1967இல் குடியுரிமை பெற்றதும் பாசல் நகரக் கதைகள். 'ஜெனீவாச் சிந்தனையாளர்கள்' என்று பெயரை மாற்றினால் பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பழைய நகரின் கல் பாவிய ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ற காலணி தேவை. காதொலிக் கருவியைத் தொடக்கத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள். கையேட்டைப் பையில் போட்டுவிட்டு வழிகாட்டியின் பக்கத்திலேயே நில்லுங்கள். ரூசோவை ஏற்கெனவே படித்தவர்களுக்கு நகர மன்ற வாசலும் பூங்காப் பெஞ்சும் மட்டுமே அந்தக் கட்டணத்துக்கு ஈடாகும்.

சாங் ழெர்வேயில் குழு கலைந்த பிறகு, கொர்னவேன் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். நடைமேடையில் பாரிஸ் வண்டியின் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சொசூர் தம் பாடத்தில் எடுத்துக்காட்டாகச் சொன்னது ஜெனீவா–பாரிஸ் விரைவு வண்டியைத்தான்: எஞ்சின் மாறலாம், பெட்டிகள் மாறலாம், பணியாளர்கள் மாறலாம், ஆனாலும் புறப்படும் நேரம், வழித்தடம், மற்ற வண்டிகளிலிருந்து அதைப் பிரிக்கும் இடம் ஆகியவற்றால் அது நாள்தோறும் அதே வண்டி. சுற்று முடிந்த இடத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் இது நின்றுகொண்டிருக்க, வழிகாட்டி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த முறை யாராவது அவரிடம் கேட்டுப் பாருங்கள்.