சங்ரியாவா, டின்டோ டி வெரானோவா?

ரெண்டுமே ஸ்பெயின் சரக்கு, ரெண்டுலயும் ரெட் ஒயின்தான், ஆனா வேலை சுத்தமா வேற.

சங்ரியாவுக்கு முன்னாடியே ரெடி பண்ணணும். 750 மில்லி ஒயினுக்கு 2 ஆரஞ்சு, 1 லெமன், ரெண்டு மூணு ஸ்பூன் சக்கரை, 60 மில்லி பிராந்தி, எல்லாத்தையும் ஜக்குல போட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு நாலு மணி நேரமாவது விட்டாதான் பழத்தோட சாறு ஒயின்ல இறங்கும். தோலுக்கு உள்ள இருக்குற வெள்ளைப் பகுதி நிறைய இருந்தா கசக்கும், அதனால ராத்திரி முழுக்க ஊற வைக்கிற ஆளுங்க தோலை சீவிட்டு போடுங்க, விதையும் எடுத்துடுங்க. சோடா ஊத்துறதா இருந்தா பரிமாறும்போதுதான், முன்னாடியே ஊத்துனா கேஸ் போயிடும்.

டின்டோவுக்கு இந்த இழவெல்லாம் கிடையாது. கிளாஸ் நிறைய ஐஸ், பாதி ஒயின், பாதி லெமன் சோடா, மேல ஒரு லெமன் துண்டு, முடிஞ்சுது. 13 சதவீத ஒயின் பாதியா குறைஞ்சு ஆறரைக்கு வந்துடும், மத்தியான வெயிலுக்கு இதுதான் சரி. ஸ்பெயின்காரங்களே வெயில் காலத்துல இதைத்தான் அதிகம் குடிப்பாங்க, சங்ரியா பெரும்பாலும் டூரிஸ்ட் மேஜைக்குத்தான் போகும்.

ஒயின் எதுக்குமே காஸ்ட்லியா வேணாம், டெம்ப்ரனியோ, கார்னாச்சா மாதிரி ஸ்பெயின் திராட்சையில செஞ்ச இளசான ஒயின் போதும். மரப்பீப்பாய்ல வருஷக்கணக்கா வச்ச ஒயினை ஐஸ் போட்டு குடிச்சா துவர்ப்புதான் தூக்கலா நிக்கும், காசும் தண்டம்.

பத்து பேர் வந்தா சங்ரியா, ரெண்டு பேர்னா டின்டோ, என் ஓட்டு என்னவோ டின்டோவுக்குத்தான்.