மாத்திரையா, ஜெல்லா?

கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம், மெதுவாக வராது, சில நாளிலேயே வாசலில் வந்து நிற்கும். எனக்கு 42 வயதில், பாளையங்கோட்டை அக்னி நட்சத்திரத்தில், எது வெயில் வேர்வை, எது உள்ளே கொதிக்கிற வேர்வை என்று தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது நைட்டி மாற்றினேன். மைனி நுங்கு வாங்கித் தந்தார். நுங்கு நன்றாகத்தான் இருந்தது, வேர்வை நிற்கவில்லை.

இதற்குச் சிகிச்சை, சினைப்பை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது. கர்ப்பப்பை இல்லாததால், அதைக் காக்கச் சேர்க்கும் இன்னொரு ஹார்மோன் பெரும்பாலும் வேண்டாம், ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எந்த வடிவத்தில் என்பதுதான் கேள்வி.

செலவு: மாத்திரை மலிவு. ஜெல் கூடுதல்.

சுலபம்: மாத்திரை ஒரு மடக்குத் தண்ணீரோடு முடிந்தது. ஜெல்லைக் கையிலோ தொடையிலோ தடவிக் காயவிட வேண்டும், தடவிய இடம் பிள்ளைகள் மேல் படக்கூடாது.

ரத்தக்கட்டு (ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவது): மாத்திரை ஈரல் வழியாகப் போவதால் ஆபத்து கொஞ்சம் ஏறும். ஜெல் தோல் வழியாக நேரே ரத்தத்தில் சேரும், வழக்கமான அளவில் அந்த ஆபத்தை ஏற்றுவதாகத் தெரியவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

உடல் பருமன், ஒற்றைத் தலைவலி இருந்தால் டாக்டரிடம் ஜெல்லைக் கேளுங்கள். வேறு தொந்தரவு இல்லை, கையும் கடிக்கிறது என்றால் மாத்திரையே சரி. எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் தாமாகத் தொட வேண்டாம், முக்கியமாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள்.