கேட்ரிட்ஜா, பழைய பிளேடு ரேசரா? குறைந்த செலவில் தொடங்குகிறவர்களுக்கு

பிரஷ், கிரீம், சாதாரண பிளேடு போடும் ரேசர் என்று பழைய முறைக்குத் திரும்ப நினைப்பவர்கள் முதலில் தேடுவது ரேசரைத்தான். தேட ஆரம்பித்ததும் அழகான பெட்டியில் அடுக்கி வைத்த விலை உயர்ந்த செட்டுகள் கண்ணில் படும். அவற்றை வாங்க வேண்டாம். குறைந்த பணத்தில் தொடங்குகிறவர் முதலில் நுரைக்குச் செலவு செய்ய வேண்டும், அப்புறம்தான் ரேசருக்கு. இப்போது கையில் இருக்கும் ரேசரையே வைத்துக்கொண்டு நுரையை மட்டும் மாற்றிப் பாருங்கள். பாதி எரிச்சல் அங்கேயே குறைந்துவிடும்.

டப்பாவை அழுத்தினால் வரும் நுரையையும் பிரஷ் போட்டு எழுப்பும் நுரையையும் ஒப்பிட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, பிரஷ்தான். டப்பா நுரை வாயு அழுத்தத்தில் பொங்கி வருவது. பார்க்க மலைபோல இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி வாயுதான். தாடி முடி இரண்டு மூன்று நிமிடமாவது தண்ணீரில் ஊறினால்தான் இளகி, பிளேடுக்குச் சுலபமாக வெட்டுப்படும். பிரஷ் அந்தத் தண்ணீரை முடியின் அடிவரை கொண்டுபோகிறது, படுத்திருக்கும் முடியைத் தூக்கியும் விடுகிறது. செலவும் குறைவு. கோத்ரெஜ், பாமாலிவ், வி-ஜான் போன்ற சாதாரண ட்யூப் எதுவானாலும் போதும். சுண்டுவிரல் நகம் அளவு எடுத்தால் முகம் முழுக்க வரும், ஒரு ட்யூப் மாதக்கணக்கில் ஓடும்.

பிரஷ்ஷில் பன்றி முடி, பேட்ஜர் என்ற விலங்கின் முடி, செயற்கை இழை என்று மூன்று வகை பரவலாக உண்டு. பேட்ஜர் விலை அதிகம், தொடக்கத்தில் தேவையே இல்லை. பன்றி முடி பிரஷ் மலிவானது, விறைப்பானது. ஆனால் உபயோகிக்கும் முன் சில நிமிடம் ஊறவைக்க வேண்டும், பழகி மிருதுவாகச் சில வாரம் ஆகும். மத நம்பிக்கையாலோ சைவப் பழக்கத்தாலோ அதை விரும்பாதவர்களும் நிறைய. செயற்கை இழைக்கு ஊறல் வேண்டாம், சட்டென்று நுரை எழும்பும், மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும். என் தேர்வு அதுதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கிரீம் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் நுரை எழும்பியதும் தளர்ந்து போகும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடுவதுதான் காரணம். அரை டம்ளர் குடிதண்ணீரைத் தனியாக எடுத்து அதில் பிரஷ்ஷை நனைத்துப் பாருங்கள். அதே கிரீம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சரி, இப்போது ரேசர். நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது மூன்று அல்லது ஐந்து பிளேடு கேட்ரிட்ஜ், அதாவது பிளேடு பதித்த தலையையே மொத்தமாகக் கழற்றி மாற்றும் வகை. ஜில்லெட் மாக் 3 வந்தது 1998இல், ஐந்து பிளேடு ஃபியூஷன் 2006இல். தலை தானாகவே வளைந்து கொடுப்பதால் கையில் பக்குவம் இல்லாதவரும் அவசரமாக ஷேவ் செய்துவிடலாம். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் அதிகம். ஐந்து பிளேடு கேட்ரிட்ஜ் ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டும். அதோடு, முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோலுக்கும் கீழே வெட்டுகிறது. சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முடி மறுபடி வளரும்போது தோலுக்குள்ளேயே சுருண்டு கழுத்தில் பருபோலக் கிளம்பும். அப்படி அவதிப்படுகிறவர் ஒரே பிளேடுக்கு மாறிப் பார்ப்பது கட்டாயம் என்பேன்.

இரண்டாவது, ஒற்றை பிளேடு கேட்ரிட்ஜ். இந்தியாவுக்கென்றே 2010இல் ஜில்லெட் கொண்டுவந்த கார்ட் இந்த வகை. அப்போது ரேசர் 15 ரூபாய், கேட்ரிட்ஜ் 5 ரூபாய். குழாய்த் தண்ணீர் ஓடாமல் ஒரு குவளைத் தண்ணீரில் ஷேவ் செய்பவர்களை மனதில் வைத்து, முடி சிக்காமல் எளிதில் அலசும்படி செய்தார்கள். பழைய முறையை விரும்புகிறவர்கள் இதை மதிப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல நுரையோடு சேர்த்தால் இது மிக நல்ல ஷேவ் தரும். கார்டில் திருப்தியாக இருப்பவர் காசு மிச்சம் பிடிக்க மட்டும் பிளேடு ரேசருக்கு மாறினால் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, இரண்டு பக்கமும் கூர் உள்ள சாதாரண பிளேடு ரேசர். கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது 1904இல். 1921இல் அது காலாவதியானதும் மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள். இன்று எந்தக் கம்பெனி பிளேடும் எந்தக் கம்பெனி ரேசரிலும் பொருந்தும், அதனால்தான் விலை ஏறாமல் நிற்கிறது. ஒன்று ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஐந்து ஷேவுக்கு ஒன்று மாற்றினாலும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்பவருக்கு மாதம் 15 ரூபாய். ஐந்து பிளேடு கேட்ரிட்ஜ் ஒன்றை மாதம் முழுக்க இழுத்தால்கூட அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

நான்காவது, சலூனில் பிளேடைப் பாதியாக உடைத்துப் போடுகிறார்களே, அந்தக் கத்தி. விலை மிகக் குறைவு. ஆனால் பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. முடிதிருத்துபவரின் கைக்குப் பல வருடப் பழக்கம் இருக்கிறது. வீட்டில் கண்ணாடி பார்த்துத் தொடங்குகிறவருக்கு இது வேண்டாம்.

ஆக, என் ஓட்டு மூன்றாவதற்கு. அதிலும் பட்டாம்பூச்சி போல மேல் மூடி இரண்டாகத் திறக்கும் மாடலைவிட, மூன்று பாகமாகக் கழற்றும் மாடல் நல்லது. உப்புத் தண்ணீர்க் கசடு கீலில் போய் அடைய வழியில்லை, தேய்த்துக் கழுவ ஒரு பழைய பல்துலக்கி போதும். மலிவான ரேசர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசியவை. கீழே போட்டால் திருகு பாகம் உடையலாம், பூச்சு போனால் அரிக்கும். அதனால் அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது, ஈரத்தோடு விட்டுவிடவும் கூடாது. கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது. ரேசரின் எடையே வேலையைச் செய்ய வேண்டும், கை அழுத்தக் கூடாது. கேட்ரிட்ஜிலிருந்து வருகிறவர்கள் வெட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த அழுத்தத்தால்தான்.

பிளேடில் ஒரே பிராண்டை மொத்தமாக வாங்க வேண்டாம். வில்கின்சன், செவன் ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ் என்று சின்னப் பாக்கெட்டாக வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தோலுக்கு ஒத்தது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஜப்பானிய ஃபெதர் கூர்மைக்குப் பேர்போனது, விலையும் கூடுதல். கை பழகும்வரை அதைத் தள்ளிவைக்கலாம்.

பிளேடு தோலில் சுமார் முப்பது டிகிரி சாய்வில் படும்படி பிடித்து, முதல் சுற்றில் முடி வளரும் திசையிலேயே போங்கள். முதல் சில வாரத்துக்கு எதிர்த்திசை வேண்டாம்.

இந்த ரேசரின் தொந்தரவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். விமானத்தில் பிளேடைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. அடிக்கடி பறக்கிறவர் ஒரு கேட்ரிட்ஜ் ரேசரையும் வைத்திருக்கத்தான் வேண்டும். பழைய பிளேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள், அதை வெறுங்கையால் பிரிப்பவர் துப்புரவுப் பணியாளர். ஒரு தகர டப்பாவின் மூடியில் ஒரு வெட்டுப் போட்டு அதற்குள் தள்ளிவிட்டால் வருடக்கணக்கில் நிறையாது.

ஷேவ் முடிந்ததும் ஆஃப்டர் ஷேவுக்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரக் கட்டி போதும். மணமில்லை என்பது ஒன்றுதான் குறை. சின்ன வெட்டில் ரத்தத்தை நிறுத்தும், இன்னொரு உபகாரமும் செய்யும். ஈர முகத்தில் தேய்க்கும்போது எங்கே சுருக்கென்று எரிகிறதோ, அந்த இடத்தில் கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஷேவில் அங்கே கையை இலேசாக்குங்கள்.