தராசில் ஏறிய செல்கள்: ஏழு இஞ்ச் ட்ரோனுக்கு மோலிசெல் பி42ஏ

ரிச்சி தெருவுக்கு பேட்டரி வாங்கப் போகும்போது என் பையில் ஒரு சமையலறைத் தராசு இருக்கும். வீட்டில் கேக் மாவு அளக்க வாங்கியது. இப்போது அதன் தட்டில் மாவைவிட லித்தியம் செல்தான் அதிகம் ஏறுகிறது. வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன்.

பெரம்பூரில் யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறேன். பத்தொன்பது வருஷமாக ஊரார் வீட்டு பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வருகிறவன், மூன்று வருஷமாக எஃப்பிவி ட்ரோனும் (அதன் கேமரா பார்ப்பதைக் கண்ணில் மாட்டிய திரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டுவது) பறக்கவிடுகிறேன். நானே கோத்த ஏழு இஞ்ச் ட்ரோன் (ஏழு இஞ்ச் என்பது விசிறியின் அளவு), பேட்டரி இல்லாமல் 620 கிராம். இரண்டு தொழிலுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு: ஸ்டிக்கரில் அச்சடித்திருப்பதை நம்பக் கூடாது. அது தெரிந்தும் போன வருஷம் ஏமாந்தேன்.

அதற்கு முன்னால் 6எஸ், அதாவது ஆறு செல்லை வரிசையாக இணைத்த, 2200 எம்ஏஎச் (கொள்ளளவு, மில்லி ஆம்பியர் ஹவரில்) லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிதான் வைத்திருந்தேன். 350 கிராம், பன்னிரண்டு நிமிஷம். லைப்போ மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஐந்து இஞ்ச் ட்ரோனில் குட்டிக்கரணம் அடிப்பவர்களுக்கு அதுதான் சரி. த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சி) ஒரேயடியாகத் தள்ளி நூறு ஆம்பியர் கேட்டாலும் கொடுத்துவிடும். ஆனால் ஏரிக்கரையோரம் நிதானமாக மிதந்து வருகிற ட்ரோனுக்கு அந்தப் பலம் எதற்கு? என் ட்ரோன் நேராகப் போகும்போது ஒன்பது, பத்து ஆம்பியர்தான் இழுக்கிறது. அதற்கு லித்தியம் அயான் உருளைச் செல்லே போதும்.

அப்படித்தான் ஒரு கடையில் 21700 என்கிற அளவு உருளைச் செல்களைக் கட்டி வைத்திருந்த பேக் ஒன்றை வாங்கினேன். உறையில் 5000 எம்ஏஎச் என்று பெரிய எழுத்து. “ஒரிஜினல் செல் சார், லேப்டாப்ல எடுத்தது இல்ல சார்” என்றார் கடைக்காரர். நான் லேப்டாப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் பறப்பில் ஆறாவது நிமிஷமே கண்ணாடிக்குள் எச்சரிக்கை மின்ன ஆரம்பித்தது. பக்கத்தில் நின்று ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், “மாமா, சத்தம் மாறுது மாமா” என்றான். கொஞ்சம் உயரம் ஏற்றலாம் என்று த்ராட்டிலைத் தொட்டதும் வோல்ட்டேஜ் மளமளவென்று சரிந்தது. போர் மோட்டார் ஸ்விட்சைப் போட்டதும் டியூப் லைட் ஒரு நொடி மங்குமே, அதேதான். அங்கே லைட் மங்கும், இங்கே ட்ரோன் விழும். வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கியது. நல்லவேளை, கடலை பிடுங்கி முடித்திருந்தார்கள்.

பட்டறைக்கு வந்து உறையைக் கிழித்து ஒவ்வொரு செல்லாகத் தராசில் வைத்தேன். 58 கிராம், 59, ஒன்று 56. 21 மில்லிமீட்டர் குறுக்களவும் 70 மில்லிமீட்டர் நீளமும் உள்ள நல்ல 21700 செல் எழுபது கிராமை ஒட்டி இருக்க வேண்டும். உள்ளே சரக்கு இருந்தால்தானே எடை இருக்கும்? சார்ஜரில் போட்டுக் காலி செய்து பார்த்தபோது வந்தது 2600 எம்ஏஎச். செல்களை இணைத்திருந்த பட்டையைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டேன். மறுநாள் காலையில் கீறலில் துரு. நிக்கல் துருப்பிடிக்காது, அது நிக்கல் பூசிய இரும்பு. செல்லும் பொய், பட்டையும் பொய்.

அதன் பிறகுதான் தராசோடு கிளம்பினேன். வேறொரு கடையில் மோலிசெல் பி42ஏ செல் உதிரியாக இருந்தது. தைவான் கம்பெனி. ஆறையும் மேசைமேல் தராசு வைத்து எடை பார்த்தேன். கடைப்பையன் சிரித்தான், ஆனால் தடுக்கவில்லை. ஆறும் 67க்கும் 69க்கும் நடுவே. ஒரு செல் ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஸ்பாட் வெல்டிங் மெஷின் என்னிடமே இருப்பதால் பேக்கை நானே கட்டினேன்: சுத்த நிக்கல் பட்டை இரண்டடுக்கு, பாசிட்டிவ் முனையில் பார்லி பேப்பர் (ஷார்ட் ஆகாமல் காக்கும் காகிதம்) வளையம், எக்ஸ்டி60 கனெக்டர், மேலே ஸ்லீவ். முடித்து எடை போட்டால் 455 கிராம். மெஷின் இல்லாதவர்கள் கட்டித் தருபவரிடம் கொடுங்கள். சாலிடரிங் அயர்னைச் செல்லின் மண்டையில் வைத்து அழுத்துகிற வேலை மட்டும் வேண்டாம், அந்தச் சூடு உள்ளே இருக்கிற சீலைக் கெடுத்துவிடும்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2200 லைப்போவில் சுமார் 49 வாட் ஹவர், எடை 350 கிராம். இந்தப் பேக்கில் 90 வாட் ஹவர். கூடுதல் எடை 105 கிராம்தான், சரக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்படியானால் 5000 எம்ஏஎச் செல் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். சாம்சங் 50ஈ நேர்மையான 5000 எம்ஏஎச் செல், நல்ல செல். ஆனால் அதன் தொடர் கரன்ட் எல்லை 9.8 ஆம்பியர். நேராகப் போகும்போதே நான் அந்த விளிம்பில் நிற்பேன், காற்று எதிர்த்தால் கதை முடிந்தது. பி42ஏ 4200தான், ஆனால் 45 ஆம்பியர் வரை தாங்கும். செல் தேடும்போது எல்லாரும் எம்ஏஎச்சைப் பார்க்கிறார்கள். நான் முதலில் என் ட்ரோன் எத்தனை ஆம்பியர் குடிக்கிறது என்று திரையில் பார்ப்பேன், அடுத்து செல் எத்தனை கொடுக்கும் என்று பார்ப்பேன், எம்ஏஎச் மூன்றாவதுதான்.

பறக்கவிட்டதில் 23 நிமிஷம் வந்தது. காற்றில்லாத ஒரு விடியற்காலையில் 25. பத்து ஆம்பியரில் செல்லுக்கு 0.15 வோல்ட் அளவுக்குத்தான் இறங்குகிறது. நாற்பதுக்குத் தள்ளினால் 0.6 வரை போகிறது, அதனால் தள்ளுவதில்லை. இந்த பேக்கைப் போட்டால் ட்ரோன் மினி லாரி மாதிரி நடந்துகொள்கிறது. திருப்பத்தில் அகலமாக வளையும், மேலிருந்து இறங்கும்போது பிடிப்பதற்கு நேரமெடுக்கும். மரத்துக்கு நடுவே புகுந்து விளையாட ஆசைப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது.

பீட்டாஃப்ளைட்டில் (ட்ரோனை ஓட்டும் மென்பொருள்) ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை மறந்துவிட்டு செல்லைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு செல்லுக்கு எச்சரிக்கை 3.5 வோல்ட், கடைசி அளவு 3.3 என்று லைப்போவை மனதில் வைத்துப் போட்டிருக்கும். லித்தியம் அயான் 3.5க்கு வரும்போது வயிற்றில் இன்னும் நிறைய சாப்பாடு இருக்கும். பி42ஏ 2.5 வரை இறங்கத் தாங்கும். நான் எச்சரிக்கையை 3.1ஆகவும் கடைசியை 2.9ஆகவும் மாற்றி வைத்திருக்கிறேன். 3.2க்குக் கீழே சரிவு வேகமாக இருக்கும் என்பதால் அங்கே வேடிக்கை பார்க்க நேரமில்லை. வோல்ட்டேஜைவிட, செலவான எம்ஏஎச் எண்ணைத்தான் நான் நம்புகிறேன். ஆனால் கரன்ட் சென்சாரைச் சரிபார்த்திருக்க வேண்டும்: திரை 3000 செலவு என்று சொன்னால் சார்ஜர் திரும்ப ஏற்றுவதும் 3000ஐ ஒட்டி வர வேண்டும். என்னுடையது ஆரம்பத்தில் பன்னிரண்டு சதவீதம் குறைத்துக் காட்டியது. குறைத்துக் காட்டினால் ஆபத்து உங்களுக்குத்தான்.

எங்கே பறக்கவிடுகிறேன் என்று கேட்டால், சென்னைக்குள் இல்லை. மீனம்பாக்கம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் ஒரு பக்கம், கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்தால், நகரத்தில் முன் அனுமதி தேவைப்படாத பச்சை நிறத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு உத்திரமேரூர் பக்கம் வண்டியை விடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரைதான். லாங் ரேஞ்ச் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் ட்ரோன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும். எனக்கு இந்த பேக் தூரத்துக்கு இல்லை, நேரத்துக்கு. ஒரே ஏரியை ஆறு சுற்று சுற்றுகிறேன். கொக்குகளுக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறேன், அக்கா மகனுக்குத்தான் கழுத்து வலி.

குளிரில் செல் மந்தமாகும், பறக்கும் முன் சூடேற்றுங்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் சொல்வார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, இதற்கு நேர்மாறான கவலை இருக்கிறது. கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் பேட்டரியை வைத்தால் வெந்துவிடும். ஐஸ் போடாத தெர்மாகோல் பெட்டியில்தான் எடுத்துப் போகிறேன். இறங்கிய உடனே சார்ஜ் போடுவதில்லை. டீ குடித்து, கையில் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்த பிறகுதான். நான்கு ஆம்பியர் வரை ஏற்றலாம், நான் இரண்டில் ஏற்றுகிறேன். வீடு திரும்பிப் போட்டால் தூங்குவதற்குள் முடிந்துவிடும், பக்கத்தில் ஆள் இல்லாமல் ஏற்றுவதில்லை.

குறை சொல்வதென்றால் வடிவம்தான். உருளைகளை அடுக்கியதால் பேக் பருமனாக இருக்கிறது, ஒரு ஸ்ட்ராப் போதாது, இரண்டு கட்டி அடியில் ரப்பர் ஷீட்டும் வைக்க வேண்டியிருக்கிறது. விழுந்து ஒரு செல்லில் நசுங்கல் தெரிந்தால் பேக்கைப் பிரித்துப் பார்க்காமல் திரும்பப் பறக்கவிடக் கூடாது. ஒன்பது மாதத்தில் அறுபது தடவைக்கு மேல் ஏற்றி இறக்கியிருக்கிறேன். போன வாரம் அளந்தபோது 4000 எம்ஏஎச்சுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அடுத்தது மோலிசெல்லின் பி45பி எடுக்கலாமா என்று யோசனை, அதே அளவில் 4500. கடையில் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்தப் பழைய 5000 பேக்கைத் தூக்கிப் போடவில்லை. மூன்று செல் ஓரளவு தேறியது. பட்டறையில் சாலிடரிங் புகையை இழுக்கிற சின்ன ஃபேன் அதில்தான் ஓடுகிறது. அரை ஆம்பியர்கூடக் கேட்காத ஃபேன்.